செக்‌ஷன் 8 வவுச்சரில் குடியிருப்பவர் ஓயாத தொல்லை கொடுத்தால்: நியூ ஜெர்சியில் வீடு வாடகைக்கு விட்டிருப்போர் கேட்கும் கேள்விகள்

எடிசன், பிஸ்காட்டவே, ஜெர்சி சிட்டி போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலர் தங்கள் சேமிப்பை இரண்டாவது வீட்டில் போட்டு, அதை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நானும் அப்படி இரண்டு தளங்கள் கொண்ட ஒரு வீட்டை வாடகைக்கு விட்டவன். மேல்தளத்தில் இருந்தவருக்கு அரசின் வாடகை உதவி கிடைத்துவந்தது. கீழ்த்தளத்தில் திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. மேல்தளத்தின் இரவு நேரச் சத்தத்தால் கீழ்த்தளத்தார் பட்ட பாட்டையும், அதைத் தீர்க்கப் போய் நான் செய்த பிழைகளையும் வைத்து, நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். எந்த நோட்டீஸையும் அனுப்புமுன், வீட்டு உரிமையாளர் வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

வவுச்சர் என்பது என்ன? யார் யாருக்கு என்ன பொறுப்பு?

1937-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் 1974-இல் சேர்க்கப்பட்ட எட்டாம் பிரிவுதான், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வவுச்சராகக் கிடைக்கும் இந்த வாடகை உதவிக்குச் 'செக்‌ஷன் 8' என்ற பெயரைத் தந்தது. கூட்டாட்சி அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை பணம் ஒதுக்குகிறது. உள்ளூர் ஹவுசிங் அத்தாரிட்டியோ (வீட்டுவசதி ஆணையம்), நியூ ஜெர்சி மாநிலத்தின் சமுதாய விவகாரத் துறையோ அதை நடைமுறைப்படுத்துகிறது. குடியிருக்கும் குடும்பம் கழிவுகள் போக மிஞ்சும் மாத வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தன் பங்காகக் கட்டும். மீதி வாடகை நேராக உங்கள் கணக்குக்கு வரும். நாடெங்கும் ஏறத்தாழ 23 லட்சம் குடும்பங்கள் இப்படி வாழ்கின்றன.

இதில் மூன்று தனித்தனி உறவுகள் இருக்கின்றன என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். உங்களுக்கும் குடியிருப்பவருக்கும் இடையே வாடகை ஒப்பந்தம். உங்களுக்கும் அத்தாரிட்டிக்கும் இடையே பணம் செலுத்தும் ஒப்பந்தம். குடியிருப்பவருக்கும் அத்தாரிட்டிக்கும் இடையே, உதவி பெறும் குடும்பம் கடைப்பிடிக்க வேண்டிய கடமைகள். உங்கள் கோப்பில் 52641 என்று எண்ணிட்ட படிவம் ஒன்று இருக்கும்; அத்தாரிட்டியோடு செய்த ஒப்பந்தம் அதுதான். பலர் கையெழுத்திட்டதோடு மறந்துவிடும் அந்தப் படிவத்தின் மூன்றாம் பகுதி, உங்கள் வாடகை ஒப்பந்தத்தின் பிரிக்க முடியாத இணைப்பாகும். இரண்டும் முரண்படும் இடத்தில் இணைப்பில் இருப்பதே செல்லும். காலி செய்யச் சொல்லும் எண்ணம் வந்தவுடன் முதலில் எடுத்துப் படிக்க வேண்டியது அதைத்தான்.

அத்தாரிட்டியிடம் புகார் செய்தால் அவர்களே காலி செய்ய வைக்க மாட்டார்களா?

மாட்டார்கள், அவர்களுக்கு அந்த அதிகாரமும் இல்லை. நானும் முதல் இரண்டு மாதங்களை அத்தாரிட்டியின் அலுவலருக்குத் தொலைபேசுவதிலேயே கழித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'வாடகை ஒப்பந்தத்தை அமல்படுத்துவது உங்கள் வேலை' என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். அவர் சொன்னதே சரி. அத்தாரிட்டி வாடகைக்கு உதவுகிறது. குடியிருப்பவரின் நடத்தைக்குப் பொறுப்பேற்கவில்லை.

அத்தாரிட்டியால் முடிவது வாடகை உதவியை நிறுத்துவது மட்டுமே. அதற்கும் குடும்பத்துக்கு எழுத்தில் அறிவித்து, கேட்டால் விசாரணைக்கு வாய்ப்பளிக்க வேண்டும். ஒப்பந்தத்தைக் கடுமையாக மீறியதற்காக நீதிமன்றத்தின் மூலம் வெளியேற்றப்பட்ட குடும்பத்துக்கு உதவியை நிறுத்தியே ஆக வேண்டும் என்று கூட்டாட்சி விதி சொல்கிறது. வவுச்சர் பெறுவதற்கு எத்தனையோ ஊர்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; அதை இழக்கும் குடும்பம் மீண்டும் தலைக்கு மேல் கூரை தேடி அலைய நேரும். நீங்கள் கையில் எடுப்பது அவ்வளவு கனமான ஆயுதம் என்பதை நினைவில் வைத்து, உண்மையான காரணம் இருந்தால் மட்டுமே எடுங்கள்.

உங்கள் தரப்பிலிருந்தும் இதை எண்ணிப் பாருங்கள். வழக்கு முடியுமுன்பே அத்தாரிட்டி உதவியை நிறுத்திவிட்டால் உங்களுக்கு வரும் பெரும்பங்கு வாடகை நின்றுவிடும்; குடியிருப்பவரோ வீட்டிலேயே இருப்பார். அதன் பிறகும் நீங்கள் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

எந்தக் காரணங்களுக்காகக் காலி செய்யச் சொல்லலாம்?

இரண்டு சட்டங்களை ஒருசேரத் திருப்தி செய்ய வேண்டும். கூட்டாட்சி விதிப்படி, வாடகை ஒப்பந்தக் காலத்தில் மூன்று காரணங்கள் மட்டுமே செல்லும்: ஒப்பந்தத்தைக் கடுமையாகவோ திரும்பத் திரும்பவோ மீறுதல், குடியிருப்பு தொடர்பான கூட்டாட்சி, மாநில அல்லது உள்ளூர்ச் சட்டத்தை மீறுதல், தக்க வேறு காரணம். அண்டை வீட்டாரைத் தொடர்ந்து தொல்லைப்படுத்துவதும், வீட்டைப் பாழாக்குவதும், வீட்டை வைத்திருக்கும் முறையால் சேதம் விளைவிப்பதும் அந்தத் தக்க காரணத்துக்குள் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. வீட்டை விற்க வேண்டும், நாமே குடியேற வேண்டும் என்ற காரணங்களும் அதில் உண்டு. ஆனால் முதல் ஒப்பந்தக் காலத்தில் அவை செல்லாது. அந்தக் காலத்தில் குடியிருப்பவர் செய்த, அல்லது செய்யத் தவறிய ஒன்றே காரணமாக இருக்க வேண்டும்.

இதற்கு மேல் நியூ ஜெர்சியின் 1974-ஆம் ஆண்டு வெளியேற்றத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் வாடகைக்குக் குடியிருப்போருக்கு மிகுந்த பாதுகாப்பு அளிக்கும் சட்டங்களில் அதுவும் ஒன்று. அதில் பட்டியலிட்ட காரணம் ஏதேனும் இல்லாமல், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் யாரையும் வெளியேற்ற முடியாது. நம் பிரச்சினைக்குரிய உட்பிரிவின் சாரம் இது: நிறுத்தும்படி எழுத்தில் அறிவித்த பிறகும், அதே வீட்டில் அல்லது அக்கம்பக்கத்தில் வாழ்வோரின் அமைதியைக் குலைக்கும் அளவுக்கு ஒழுங்கீனமாகத் தொடர்ந்து நடந்துகொள்ளுதல். 'எழுத்தில் அறிவித்த பிறகும்', 'தொடர்ந்து' என்ற இரண்டு சொற்களில்தான் பெரும்பாலான வழக்குகள் தோற்கின்றன.

சத்தம்தானே என்று நீதிபதி விட்டுவிடுவாரா? எதை ஆதாரமாகக் காட்டுவது?

ஒரு வெள்ளிக்கிழமை இரவு கீழ்த்தளத்தார் அழைத்ததால் நான் நேரில் போனேன். அவர்களுடைய சுவரில் மாட்டியிருந்த பூஜை அலமாரியின் கண்ணாடிக் கதவு மேல்தள ஒலிபெருக்கியின் அதிர்வில் கிடுகிடுவென்று ஆடியது. உள்ளே தொங்கிய சிறு மணி கை படாமலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. கடிகாரத்தில் மணி 1:20. மறுநாள் தேர்வு எழுத வேண்டிய பெண் குழந்தை சமையலறைத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள்; அந்த வீட்டில் சத்தம் சற்றுக் குறைவாகக் கேட்ட இடம் அது ஒன்றே. பின்னாளில் நீதிமன்றத்தில் 'மிகுந்த சத்தம்' என்று நான் சொன்ன பத்து வாக்கியங்களைவிட, கீழ்த்தளத்து அம்மையார் இந்த ஒரு காட்சியைச் சொன்னதைத்தான் எல்லோரும் உன்னிப்பாகக் கேட்டார்கள்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிப் பாதிக்கப்பட்டவர்களிடம் கொடுத்துவிடுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன கேட்டது அல்லது நடந்தது, யார் யார் இருந்தார்கள், போலீஸுக்கு அழைத்தார்களா ஆகியவற்றை அன்றன்றே எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியது குறுக்கு விசாரணையில் நிற்காது. போலீஸ் வந்துபோன பதிவுகளை மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் நகராட்சியிடம் எழுதிக் கேட்கலாம்.

அண்டை வீட்டார் எழுதிக்கொடுத்த கடிதத்தை மட்டும் நம்பி நீதிமன்றம் போகாதீர்கள். கேட்டவர், பார்த்தவர் நேரில் வந்து சொல்ல வேண்டும். 'நமக்கு ஏன் வம்பு' என்று நம்மவர்கள் பின்வாங்குவது இந்தக் கட்டத்தில்தான். வழக்குத் தொடருமுன்பே அவர்களிடம் மனம்விட்டுப் பேசி, வருவார்களா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதல் நோட்டீஸை எப்படி எழுத வேண்டும்?

இதில்தான் நான் சறுக்கினேன். 'நீங்கள் தொடர்ந்து அதிகச் சத்தம் எழுப்பி அண்டை வீட்டாரைத் தொல்லைப்படுத்துகிறீர்கள். உடனே நிறுத்தவும்' என்று இரண்டு வரியில் அனுப்பினேன். எந்தத் தேதியில், எந்த நேரத்தில், என்ன செய்தார் என்ற விவரம் ஒன்றுமில்லை. சில வாரங்களுக்குப் பின் ஒப்பந்தத்தை முறிக்கும் நோட்டீஸும், அதன் பின் வழக்கும். நீதிபதி முதல் நோட்டீஸைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, 'எதை நிறுத்தச் சொன்னீர்கள்?' என்று கேட்டார். வழக்கு அன்றே தள்ளுபடியானது. நடந்தது உண்மையா என்ற கேள்விக்கே போகவில்லை. மறுபடி முதல் நோட்டீஸிலிருந்து தொடங்கியதில் கீழ்த்தளத்தார் மேலும் நான்கு மாதம் தூக்கத்தை இழந்தார்கள். அந்தக் குறை என்னுடையது.

நிறுத்தக் கோரும் நோட்டீஸில் ஒவ்வொரு சம்பவத்தையும் தேதி, நேரத்தோடு குறிப்பிடுங்கள். அது ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவை மீறுகிறது என்று காட்டுங்கள். எந்த நடத்தை நிற்க வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். நிறுத்தாவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வழக்குத் தொடரக்கூடும் என்றும் எழுதுங்கள். கோபத்தைக் காட்டும் சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். இந்தக் கடிதத்தின் நோக்கம் அவர் திருந்த வாய்ப்பளிப்பதுதான். அவர் உண்மையிலேயே நிறுத்திவிட்டால் அத்துடன் பிரச்சினை தீர்ந்தது. நிறுத்தவில்லை என்றால், நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பின் நடந்த சம்பவங்களே உங்கள் வழக்கு. முன்பு நடந்தவை பின்னணி மட்டுமே.

இரண்டாவது நோட்டீஸுக்கு எத்தனை நாள் அவகாசம்? யாருக்கெல்லாம் அனுப்ப வேண்டும்?

அமைதியைக் குலைத்தல், வேண்டுமென்றோ மிகுந்த கவனக்குறைவாலோ வீட்டைச் சேதப்படுத்துதல் ஆகிய காரணங்களுக்கு, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் நோட்டீஸுக்கும் வழக்குக்கும் இடையே 3 நாள் அவகாசம் போதும். வாடகை ஒப்பந்த நிபந்தனையையோ வீட்டு விதிகளையோ மீறினார் என்பதைக் காரணமாகக் காட்டினால் ஒரு மாதம் கொடுக்க வேண்டும். எந்தக் காரணத்தின் கீழ் போகிறோம் என்பதில் ஐயம் இருந்தால், நீண்ட அவகாசத்தைக் கொடுப்பதே பாதுகாப்பு. மூன்று நாளில் முடித்துவிடலாம் என்ற அவசரத்தில் மூன்று மாதத்தை இழந்தவர்களை நான் அறிவேன்.

நோட்டீஸை நேரில் கொடுக்கலாம். அவர் இல்லாதபோது, அந்த வீட்டில் வாழும் 14 வயதுக்கு மேற்பட்ட குடும்பத்தவரிடம் கொடுக்கலாம். அல்லது சான்றஞ்சலில் (certified mail) அனுப்பலாம். சான்றஞ்சலைப் பெற்றுக்கொள்ளாவிட்டால் சாதாரண அஞ்சலிலும் அனுப்ப வேண்டும். வாட்ஸப் செய்தி நோட்டீஸ் ஆகாது.

வவுச்சர் வீட்டுக்கே உரிய கூடுதல் கடமை ஒன்று உண்டு: குடியிருப்பவருக்குக் கொடுக்கும் அதே நேரத்தில், காலி செய்யச் சொல்லும் நோட்டீஸின் நகலை அத்தாரிட்டிக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது இதைத்தான்.

போதைப்பொருள், வன்முறை என்றால் கைது நடந்திருக்க வேண்டுமா?

கூட்டாட்சி விதிப்படி வேண்டியதில்லை. மற்றக் குடியிருப்போரின் உடல்நலத்தையோ பாதுகாப்பையோ அமைதியான வாழ்வையோ அச்சுறுத்தும் குற்றச் செயலும், வீட்டிலோ அருகிலோ நடக்கும் வன்முறையும் போதைப்பொருள் குற்றமும் காலி செய்யச் சொல்லப் போதுமான காரணங்கள். கைது, தண்டனை இரண்டும் இல்லாவிட்டாலும், நடந்தது என்று நீங்கள் காட்ட முடிந்தால் போதும். நியூ ஜெர்சிச் சட்டத்திலோ தண்டனையை அடிப்படையாகக் கொண்ட காரணங்களும், வெளியேற்ற வழக்கிலேயே நிரூபிக்கக்கூடிய காரணமும் வெவ்வேறு உட்பிரிவுகளாக இருக்கின்றன. தவறான உட்பிரிவை எழுதினால் வழக்கு நிற்காது. இங்கே வழக்கறிஞர் இல்லாமல் ஓர் அடியும் எடுத்துவைக்க வேண்டாம்.

தொல்லை கொடுப்பது அவரல்ல, அவரைத் தேடி வருபவர்கள். அப்போது?

குடும்பத்தவர், விருந்தினர், அவருடைய கட்டுப்பாட்டில் இருப்பவர் ஆகியோரின் நடத்தைக்கும் குடியிருப்பவர் பொறுப்பு. வந்தவர் வாரக்கணக்கில் தங்கிவிட்டால் வேறொரு சிக்கலும் எழுகிறது. வவுச்சர் குடும்பத்தில் யார் யார் வாழ்கிறார்கள் என்பதை அத்தாரிட்டி ஏற்றிருக்க வேண்டும். ஏற்காத ஒருவரைக் குடிவைப்பது குடும்பக் கடமையை மீறுவதாகும். அந்தச் செய்தியை அத்தாரிட்டிக்கு எழுத்தில் தெரிவிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஊகத்தை எழுதாதீர்கள், கடிதப்பெட்டியில் யார் பெயருக்குத் தபால் வருகிறது, எந்த வண்டி எத்தனை இரவுகள் நின்றது என்று கண்டதை மட்டும் எழுதுங்கள்.

போலீஸ் அடிக்கடி வருகிறது. அதையே காரணமாக்கலாமா?

ஏன் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஆக்காதீர்கள். அங்கே குடியிருக்கும் பெண் அடிபட்டு உதவி கேட்டு அழைத்திருக்கலாம். பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் விரிவாக்கப்பட்டபோது, வவுச்சர் குடும்பங்களும் அதன் பாதுகாப்புக்குள் வந்தன. குடும்ப வன்முறைச் சம்பவத்தை, அதில் பாதிக்கப்பட்டவர் ஒப்பந்தத்தை மீறியதாகக் கருதிக் காலி செய்யச் சொல்ல முடியாது. அடித்தவரை மட்டும் வெளியேற்றுவதற்காக ஒப்பந்தத்தைப் பிரிக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. கீழ்வீட்டாரின் தூக்கம் கெட்டது உண்மைதான். ஆனாலும் அடிபட்டவரை வீதியில் நிறுத்துவதை நியாயமான எந்த மனிதராலும் தீர்வென்று சொல்ல முடியாது.

மனநலப் பாதிப்பு உள்ளவர், அல்லது குழந்தைகள் ஓடி விளையாடும் சத்தம் என்றால்?

நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் 1988-இல் உடல், மனக் குறைபாடு உள்ளோரும் குழந்தைகள் உள்ள குடும்பங்களும் சேர்க்கப்பட்டனர். குறைபாட்டின் காரணமாகத் தொல்லை எழுகிறது என்றும், ஒரு நியாயமான ஏற்பாட்டால் அது தீரும் என்றும் குடியிருப்பவர் கேட்டால், நீங்கள் அதைப் பரிசீலித்தாக வேண்டும். சிகிச்சை தொடங்கச் சில வாரம், குப்பைபோல் குவித்துவைத்த பொருள்களை அகற்ற ஒரு கால அட்டவணை, சமூகப் பணியாளர் வந்துபோக ஓர் ஏற்பாடு என்று அது பலவகையாக இருக்கலாம். பிறரின் பாதுகாப்புக்கு நேரடி ஆபத்து இருந்து, எந்த ஏற்பாட்டாலும் அது தணியாது என்றால் மட்டுமே மறுக்க இடமுண்டு. குழந்தைகள் பகலில் ஓடுவதும் கைக்குழந்தை இரவில் அழுவதும் ஒழுங்கீனம் அல்ல. அவற்றை நோட்டீஸில் எழுதினால் உங்கள் மீதே புகார் வரும்.

வழக்கு நடக்கும்போது அத்தாரிட்டியின் பங்கு வருமா? குடியிருப்பவரின் பங்கை வாங்கலாமா?

உதவியையே முறைப்படி நிறுத்தியிருந்தாலொழிய, குடும்பம் வீட்டில் இருக்கும்வரை, வெளியேற்ற உத்தரவு கிடைக்கும் நாள்வரை அத்தாரிட்டி தன் பங்கைத் தொடர்ந்து செலுத்த வேண்டும் என்பது விதி. குடியிருப்பவரின் பங்கில்தான் கவனம் தேவை. ஒப்பந்தம் முடிந்தது என்று நோட்டீஸில் எழுதிய தேதிக்குப் பிறகு வாடகையை வழக்கம்போல் வாங்கிக்கொண்டால், நோட்டீஸைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். வாங்குவதா, என்ன குறிப்புடன் வாங்குவது என்பதை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சேதத்துக்கென்றோ வேறு பெயரிலோ ஒப்பந்தத்தில் இல்லாத தொகையைத் தனியாக வாங்கவே கூடாது. அது திட்டத்திலிருந்து உங்களை விலக்கும் குற்றம்.

வாடகை பாக்கியைக் காரணமாக்கினால் எளிதில்லையா?

சிலர் அப்படி ஆலோசனை சொல்வார்கள். உங்களால் கேட்க முடிவது குடும்பத்தின் பங்கை மட்டுமே. அத்தாரிட்டி செலுத்தத் தவறியதற்காகக் குடும்பத்தை வெளியேற்ற முடியாது. வவுச்சர் வீடுகளுக்கு, பெருந்தொற்று நிவாரணத்துக்காக வந்த 2020-ஆம் ஆண்டின் கேர்ஸ் சட்டம் வாடகை பாக்கி வழக்கில் 30 நாள் நோட்டீஸ் கேட்கிறது. அது பெருந்தொற்றுக் காலத்தோடு முடிந்துவிடவில்லை என்று கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. நியூ ஜெர்சியில் குடியிருப்பவர் பணத்தைக் கட்டிவிட்டாலே வழக்கு முடிந்துவிடும். மாதம் இருநூறு டாலர் பங்கு என்றால் உறவினர் யாரேனும் கட்டிவிடுவார்கள். மறுநாள் இரவு அதே சத்தம் கேட்கும். உங்கள் குறை நடத்தையைப் பற்றியது என்றால் வழக்கும் நடத்தையைப் பற்றியதாகவே இருக்கட்டும்.

பூட்டை மாற்றிவிட்டால்? மின்சாரத்தை நிறுத்தினால்?

இரண்டும் குற்றம். நீதிமன்றம் தரும் வெளியேற்ற ஆணையை நீதிமன்ற அலுவலர் மட்டுமே நிறைவேற்ற முடியும். ஊரில் நம் பெரியவர்கள் சாமானை எடுத்து வாசலில் வைத்த கதையெல்லாம் இங்கே சொல்லிக்கொள்ளக்கூட வேண்டாம்.

நீதிமன்றத்தில் என்ன நடக்கும்?

வழக்கு அந்தந்த மாவட்டத்தின் சிறப்பு உரிமையியல் பிரிவில், வீட்டுக்காரர்–குடியிருப்பவர் பகுதியில் நடக்கும். வீடு எல்எல்சி (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) பெயரில் இருந்தால் நீங்களே வாதாட முடியாது, வழக்கறிஞர் கட்டாயம். ஒன்று அல்லது இரண்டு குடும்ப வீடு என்றால் நகராட்சியிலும், அதற்கு மேற்பட்டால் மாநிலத் துறையிலும் உரிமையாளர் பதிவு செய்திருக்க வேண்டும்; அந்தப் பதிவு இல்லாமல் தீர்ப்புக் கிடைக்காது. இதைப் பலர் விசாரணை நாளன்றுதான் அறிகிறார்கள்.

2021-இல் மாநில உச்ச நீதிமன்றம் கொண்டுவந்த மாற்றங்களுக்குப் பிறகு, விசாரணைக்கு முன் இரு தரப்பையும் அமர்த்திப் பேசவைக்கும் ஏற்பாடு உண்டு. அங்கே உடன்பாடு ஏற்படாவிட்டால்தான் விசாரணை. தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும், வெளியேற்ற ஆணை 3 வேலைநாள் கழித்தே பிறப்பிக்கப்படும். அதைச் சேர்ப்பித்தபின் மேலும் 3 வேலைநாள் அவகாசம் உண்டு. சாமான்களை எடுத்துக்கொள்ளக் குடியிருப்பவர் 7 நாள்வரை கேட்கலாம். வேறு வீடு கிடைக்கவில்லை என்று காட்டி, 6 மாதம்வரை நிறுத்திவைக்கும்படியும் நீதிபதியிடம் கோரலாம். வாடகையை அவர் தவறாமல் கட்டவேண்டும் என்பதும், அவரது நடத்தையும் அங்கே எடைபோடப்படும்.

பேசித் தீர்க்க வழி உண்டா?

உண்டு, என் வழக்கு முடிந்ததும் அப்படித்தான். குடியிருப்பவருக்கு உயிர்நாடியாக இருப்பது வவுச்சர். வெளியேற்றத் தீர்ப்பு வந்தால் அதை இழக்க நேரும். இரு தரப்பும் இசைந்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால், அத்தாரிட்டியின் அனுமதியோடு வவுச்சரை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகலாம். புதிய வீடு தேட வவுச்சரில் குறைந்தது 60 நாள் அவகாசம் இருக்கும். இரண்டாம் முறை தொடுத்த வழக்கின் சமரச அமர்வில், மேல்தளத்தவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். இரவுப் பணி முடிந்து நண்பர்கள் வரும் நேரம் அது என்றும், கீழே இப்படிக் கேட்கும் என்று தாம் எண்ணவில்லை என்றும் சொன்னார். 90 நாளில் காலி செய்வது, அதுவரை இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி இல்லை, மீறினால் தீர்ப்பு என்று எழுதிக்கொண்டோம். 70-ஆம் நாள் சாவியைக் கொடுத்தார். அத்தாரிட்டி அவருக்கு மாற்று வவுச்சர் கொடுத்திருந்தது.

இந்த உடன்பாட்டை வீட்டுக் கூடத்தில் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். வெளியேற்றத் தடுப்புச் சட்டம் தரும் உரிமைகளை வாடகை ஒப்பந்தத்திலேயே விட்டுக்கொடுக்கும்படி எழுதினால் அது செல்லாது. ஆகவே நீதிமன்றத்தில் பதிவான சமரசத்தையே நம்புங்கள். குடிபெயரும் செலவுக்கு நீங்கள் ஒரு தொகை கொடுப்பதாக இருந்தால் அதையும் அதிலேயே எழுதுங்கள்.

நான் அதே வீட்டில் ஒரு தளத்தில் வாழ்கிறேன். எனக்கும் இவ்வளவும் பொருந்துமா?

நீங்கள் குடியிருக்கும் வீட்டில் வாடகைக்கு விட்ட பகுதிகள் இரண்டுக்கு மேல் இல்லை என்றால் மாநில வெளியேற்றத் தடுப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. வவுச்சர் இணைப்பில் சொன்ன கூட்டாட்சி விதி ஒப்பந்தக் காலம் முழுதும் பொருந்தும். நோட்டீஸும் நீதிமன்றமும் எப்படியும் வேண்டும்.

போகும்போது வீட்டைச் சிதைத்துவிட்டுப் போனால் யார் ஈடு தருவார்கள்?

அத்தாரிட்டி தராது. ஒன்றரை மாத வாடகைக்கு மேற்படாத டெபாசிட்டிலிருந்து கழித்துக்கொண்டு, 30 நாளுக்குள் கணக்கு விவரத்தோடு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அதற்கு மேற்பட்ட சேதத்துக்கு 5,000 டாலர்வரை சிறு வழக்குப் பிரிவிலும், 20,000 டாலர்வரை சிறப்பு உரிமையியல் பிரிவிலும் வழக்குத் தொடரலாம். குறைந்த வருமானக் குடும்பத்திடம் அதை வசூலிப்பது பெரும்பாலும் நடவாத காரியம். குடிவரும் நாளில் ஒவ்வோர் அறையையும் படமெடுத்துத் தேதியோடு வைத்திருப்பதே உங்களுக்கு உதவும்.

இனி வவுச்சர் வைத்திருப்பவர்களுக்கே வீடு தராமல் இருக்கலாமா?

கூடாது. வாடகைப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காரணம் காட்டி மறுப்பது நியூ ஜெர்சியின் பாகுபாட்டுத் தடுப்புச் சட்டத்துக்கு விரோதம். ஏற்கெனவே குடியிருப்பவரின் வவுச்சரை ஏற்க மறுக்கக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1999-இலேயே, ஃபிராங்க்ளின் டவர் ஒன் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. என் வீட்டின் மேல்தளத்தில் இப்போது இருப்பவரும் வவுச்சர் குடும்பம்தான். இரண்டு பேரக்குழந்தைகளோடு வாழும் ஒரு பாட்டி. அவர்கள் வந்த பிறகு கீழ்த்தளத்திலிருந்து எனக்கு ஒரு புகாரும் வந்ததில்லை.

உங்கள் கையில் இருப்பது தேர்வு செய்யும் பொறுப்பு. விண்ணப்பிப்பவர் நல்ல குடித்தனக்காரரா என்று அத்தாரிட்டி உங்களுக்காகச் சோதித்துத் தருவதில்லை. அது உரிமையாளரின் வேலை என்று விதியே சொல்கிறது. ஆனால் அவருடைய இப்போதைய முகவரியையும் முந்தைய முகவரியையும், தெரிந்திருந்தால் அந்த வீட்டுக்காரர்களின் பெயர், முகவரியையும் அத்தாரிட்டி உங்களுக்குத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். குற்றப் பின்னணியைப் பற்றி எப்போது, எதைக் கேட்கலாம் என்பதற்கு 2022 முதல் நடைமுறையில் உள்ள மாநிலச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளுங்கள். வவுச்சர் உள்ளவர், இல்லாதவர் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். இப்போதைய வீட்டுக்காரரோடு நிறுத்தாமல், அதற்கு முந்தையவரையும் தொலைபேசியில் அழையுங்கள். தொல்லை தன்னை விட்டுப் போனால் போதும் என்று இப்போதையவர் நல்லதாகவே சொல்லக்கூடும். முந்தையவருக்கு அந்த அவசரம் இல்லை.